எச்சிலில் பார்த்த குறி

பிலிமத்தலாவைக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கலாராணிக்குக் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். பொத்தான் துளையில் நூல் பிரிந்திருந்தாலோ காலரின் ஒரு முனை மறுமுனையைவிட ஒரு நூலளவு நீண்டிருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினான்கு வருடத்தில் அவள் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று எல்லாரும் நோனா என்று கூப்பிடும் சிங்களச் சூப்பர்வைசர் அம்மாளே மற்றப் பெண்களிடம் சொல்லிக் காட்டுவார்.

படிப்பு எட்டாம் ஆண்டோடு நின்றது. அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, தம்பி இளங்கோவுக்கு மூன்று. கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பா அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த காம்பராவில் அம்மாவின் தங்கை பாலம்மா இருந்தாள். புருஷனில்லை, பிள்ளையுமில்லை. கலாராணி கிடைத்த கூலி வேலைக்குப் போகும் நாட்களில் இளங்கோ சித்தியின் முதுகில் தொங்கிக்கொண்டே கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய் வளர்ந்தான். கங்காணி திட்டினால், "கூடையில ஒரு கொழுந்து கூடுதலா கெடக்கு, அதுக்கும் சேத்து நிறுத்துக்குங்க" என்பாள் பாலம்மா.

அந்தக் கொழுந்துதான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்த லயத்திலிருந்து போன முதல் ஆள். கலாராணி இதை யாரிடமும் வலியப் போய்ச் சொல்வதில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "எங்க போறீங்க?" என்று கேட்டால், "நான் வேலைக்கு. தம்பி கம்பஸ்ல இறங்கிருவான்" என்று சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

கடைசி ஆண்டில் இளங்கோவை ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போட்டார்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுகிறவர்களில் சிலருக்கு வாய்க்குள்ளே வெள்ளைத் திட்டு விழும். அதில் எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு மட்டுமே அது புற்றுநோயாக மாறும். யாருக்கு மாறும் என்பதை எச்சிலில் இருக்கும் புரதங்களை அளந்து முன்கூட்டியே அறிய முடியுமா, அறிந்தால் அவரவர் உடம்புக்கு ஏற்ற வைத்தியத்தை அப்போதே தொடங்க முடியுமா என்று அந்த ஆய்வுகூடத்து மேடம் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு வெற்றிலை போடும் அறுபது பேரின் எச்சில் தேவைப்பட்டது. "எங்க தோட்டத்திலேயே எடுக்கலாம் மேடம்" என்று இளங்கோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

மாசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியும் சின்னக் குழாய்களுமாக வந்தான். நான்கு பேர்தான் கொடுத்தார்கள். எச்சில் எடுப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம் வெற்றிலை போடக்கூடாது என்றதுமே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பாலம்மா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சத்தமாகக் கேட்டாள்:

"ஏண்டி கலா, இவ்வளவு படிச்சு கடைசியில எச்சி பொறுக்கவாடி வந்தான் ஒந்தம்பி?"

"சித்தி, சும்மா இருங்க. அவன் மொகம் செத்துப் போச்சு."

"நான் தரமாட்டேன்னா சொன்னேன்? இந்தா, பெட்டியோட கொண்டா. நான் துப்புனா அறுபது குழாய் நிறையும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இளங்கோவும் சிரித்தான். ஆனால் நான்கு பேரின் எச்சிலோடுதான் திரும்பினான்.

அடுத்த வாரம் கலாராணி அந்த வேலையைத் தன் கையில் எடுத்தாள். தம்பி எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்ததால், குழாய்களில் ஒட்டும் இலக்கங்களைத் தானே எழுதினாள். சனிக்கிழமை பின்னேரமே ஒவ்வொரு காம்பராவாகப் போய் ஆட்களுக்கு விளக்கினாள். அவள் கையில் சம்மதப் படிவம் இருந்தது. மேடத்தின் சிங்களப் படிவத்தை இளங்கோதான் தமிழாக்கியிருந்தான். 'வாய்ப்புற்றுநோய்க்கான உயிர்க்குறிகள் பற்றிய ஆய்வு' என்று மேலே எழுதியிருந்தது.

"அது என்னாடி உயிர்க்குறி?" என்று கேட்டார் கடைசிக் காம்பரா வீரய்யா. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குக் காவல் இருப்பவர், ஒரு நாளைக்குப் பத்து வாய் வெற்றிலை போடுகிறவர்.

கலாராணி ஒரு கணம் யோசித்தாள். புரதம் என்றால் பருப்பு என்பார்கள். அளவு என்றால் எதை அளப்பது என்பார்கள். தம்பி எழுதிய சொல்லிலேயே விடை இருப்பது போல அவளுக்குப் பட்டது.

"குறி மாமா. எச்சியில குறி பாக்கிறாங்க. வருத்தம் வருமா வராதானு முன்னுக்கே தெரிஞ்சிருமாம்."

"அப்பிடிச் சொல்லு! அத வுட்டுட்டு உன் தம்பி ஏதோ மார்க்கர் மார்க்கர்னு சொன்னான். நான் பேனா கொண்டாந்திருக்கானாக்கும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். சொல் லயம் லயமாக ஓடியது. எச்சியில் குறி பார்க்கிறார்களாம், நம்ம இளங்கோதான் பார்க்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வெற்றிலை போடாத வாயோடு முப்பத்தொரு பேர் வந்து நின்றார்கள். அடுத்த ஞாயிறு மீதிப் பேர். இளங்கோ அக்காவை அவ்வளவு நன்றியோடு பார்த்தது அதற்கு முன் ஒரேயொரு தடவை, பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்று.

கலாராணி எதிலும் குறை வைக்கவில்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் உரத்து வாசித்தாள். ஐந்தாவது வரி இப்படி இருந்தது: 'ஆய்வின் பெறுபேறுகள் பங்குபற்றுவோருக்குத் தனித்தனியாக அறிவிக்கப்படமாட்டா.'

பெறுபேறு என்றால் அங்கே எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுதான். சாதாரணதரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு. பாலம்மா கையைத் தட்டினாள்.

"பாத்தியா! இவன் பாஸா பெயிலானு நமக்குச் சொல்லமாட்டாங்களாம். துப்புறது நாம, பாஸாவுறது இவனா?"

முற்றமே சிரித்தது. கலாராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரியின் அர்த்தம் அவளுக்குத் தெரியும், முதல் நாள் தம்பியிடம் கேட்டு வைத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் அடுத்தவர் கைநாட்டு வைக்க விரலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவள் ஆறாவது வரிக்குப் போனாள்.

பாலம்மாவின் குழாயில் அவள் ஒட்டிய இலக்கம் இருபத்துமூன்று.

ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பல் வைத்தியரும் வந்திருந்தார். எச்சில் எடுத்த ஒவ்வொருவரின் வாயையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். சந்தேகப்பட்ட ஒன்பது பேருக்கு, இரண்டு வாரத்துக்குள் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும்படி துண்டு எழுதிக் கொடுத்தார். பாலம்மாவின் இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு வெள்ளைத் திட்டு. அவளுக்கும் துண்டு கிடைத்தது. அவள் அதை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க சித்தி" என்றாள் கலாராணி.

"போவேண்டி, போவாம என்னா."

அதன் பிறகு தொழிற்சாலையில் பெரிய ஓடர் வந்துவிட்டது. கலாராணி ஞாயிறிலும் வேலைக்குப் போனாள். சித்தியைப் பார்ப்பது பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான். சித்திரையில் ஒருநாள் பாலம்மா கேட்டாள்:

"கலா, தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தப் பத்தி சித்தி?"

"அதாண்டி, குறியப் பத்தி."

"ஒண்ணும் சொல்லல சித்தி."

"சரி சரி" என்று பாலம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் நடையில் ஓர் உற்சாகம் இருந்ததைக் கலாராணி பார்த்தாள். வைகாசியில் இன்னொரு தடவை அதே கேள்வி, அதே பதில். அப்போது பாலம்மா வாயை முழுதாகத் திறக்காமல் பேசினாள். பல் வலி என்றாள்.

ஆடி மாதம் ஒரு பின்னேரம் இளங்கோ வழக்கத்தைவிட நேரத்தோடு வந்தான். கதிரையை இழுத்துப் போட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தவனுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அக்கா, மேடம் இன்னைக்கு என்னைய எல்லாருக்கும் முன்னால பாராட்டினாங்க. மூணு புரதம் பாத்தோம்ல, ஒரே ஒரு ஆளுக்கு மூணும் ஒசந்து நிக்குது. மூணு தடவை திருப்பித் திருப்பி ஓட்டிப் பாத்தேன், அதே கணக்குத்தான். நாங்க நெனச்ச மாதிரியே அந்தப் புரதங்க ஆளப் பிரிச்சுக் காட்டுது."

"யாரு அது?"

"ஆளு தெரியாதுக்கா. பேர்ப் பட்டியல் மேடத்தோட அலுமாரியில பூட்டிக் கெடக்கு. எங்களுக்கு வெறும் இலக்கந்தான். இருபத்துமூணு."

கலாராணி கறிக்கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். அறுபது இலக்கங்களும் அவள் தலைக்குள் இருந்தன. எந்தக் குழாய் யார் வாய்க்குக் கீழே இருந்தது, யார் எந்தப் பக்கம் திரும்பித் துப்பினார் என்பது வரை இருந்தது. தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த காம்பராவுக்குப் போனாள்.

பாலம்மா கஞ்சியை ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை.

"சித்தி, அந்தத் துண்டு குடுத்தாங்கல்ல. கிளினிக்குக்குப் போனீங்களா?"

பாலம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். நான்காக மடித்தது மடித்தபடி, குங்குமம் ஒட்டியிருந்தது.

"ஏன் போகல?"

"எதுக்குடி போவணும்? துண்டு குடுத்தவன் டோர்ச் அடிச்சு மேலாலதானே பாத்தான். எச்சியில உள்ளுக்குள்ளயே பாக்கிறாங்கன்னு நீதானே சொன்ன. கெட்டது இருந்தா குறி சொல்றவங்க சொல்லாம இருப்பாங்களா? ஒங்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்ன. அப்ப ஒண்ணுமில்லனுதானே அர்த்தம்? இது பல்லு வலிடி. ஒரு பல்லப் புடுங்கினா சரியாயிரும்."

கலாராணி துண்டைப் பிரித்தாள். திகதியைப் பார்த்தாள். ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சித்தியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வைத்தியர் சிங்களத்தவர். துண்டையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தைத் தடவி ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். அப்போதே ஏன் வரவில்லை என்று அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லும்படி கலாராணியிடம் சொன்னார். அவள் தமிழில் கேட்டாள்.

"குறி பாத்தாச்சுன்னு சொல்லு" என்றாள் பாலம்மா. "நம்ம புள்ளயே பாத்தான்னு சொல்லு. இவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

வைத்தியர் காத்திருந்தார். கலாராணிக்குச் சிங்களம் நன்றாக வரும், பதினான்கு வருடமாக அதில்தான் வேலை செய்கிறாள். இருந்தும் அந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வரவில்லை.

"தெரியாம இருந்துட்டாங்களாம்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், கழுத்து நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் வாட்டில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பாலம்மா இளங்கோவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவன்தான். எச்சியப் பாத்தே ஆளச் சொல்லிருவான். என் முதுகுலதான் வளந்தான்."

இளங்கோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கலாராணி அவனைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனபோது, கம்பிக் கிராதியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அஞ்சாவது வரிய வாசிச்சியாக்கா?"

"வாசிச்சேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். சித்திக்கும். பெறுபேறுன்னதும் ஒன் சோதனைனு நெனச்சுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பறம் வெளங்கப்படுத்தல. குறினு சொன்னதும் நான்தான். நீ சொல்லல, நான் சொன்னேன்."

"உயிர்க்குறினு போட்டது நான்தானே. அகராதியில பாத்துப் போட்டேன். பெறுபேறும் நான் போட்டதுதான். நல்ல தமிழா இருக்குன்னு எனக்கே ஒரே சந்தோசம்."

பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

திரும்பிப் போய்க் கலாராணி சித்தியின் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "சித்தி, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது குறி இல்ல. அது ஆராய்ச்சி. யாருக்கு என்னா இருக்குதுன்னு அவங்க திருப்பிச் சொல்லமாட்டாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பாலம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மற்றக் கையால் அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"நீ எங்கடி தப்பாச் சொல்லுவ? சின்னப் புள்ளையில இருந்து ஒரு வார்த்த தப்பாச் சொல்லி நான் கேட்டதில்ல. குறி சரிதான். அது எனக்குன்னு வரல, அவ்வளவுதான். போ, புள்ளைக்குச் சோறு குடு. மொகத்தப் பாரு, காஞ்சு கெடக்குது."

கலாராணி இன்னொரு தடவை சொன்னாள். பாலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை சொல்லத் தாதி விடவில்லை.

சத்திரசிகிச்சையில் இடது தாடையில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு பாலம்மாவுக்குப் பேச்சு இல்லை. கலாராணி வேலை முடிந்து பஸ்ஸில் வைத்தியசாலைக்கு வந்து, குழாய் வழியாகப் பால் ஊற்றிவிட்டு ஹந்தானைக்கு ஏறுவாள். சிலநாள் பாலம்மா விரலால் காற்றில் ஏதோ கேட்பாள். என்ன கேட்கிறாள் என்று கலாராணிக்கு விளங்கியதேயில்லை. தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா, தம்பி வரவேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பாலம்மா இல்லை என்று கையாட்டிவிட்டு, கடைசியில் அவள் களைத்துப் போவதைப் பார்த்துத்தானோ என்னவோ, தண்ணீருக்கு ஆமென்று தலையசைப்பாள்.

கார்த்திகை முடிவில் இறந்தாள். லயத்துக்குக் கீழே தேயிலைக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். இளங்கோ நீர்க்குடம் உடைத்தான். அவனுடைய பயிற்சி அறிக்கைக்கு அந்த வருடத்தின் முதல் இடம் கிடைத்திருந்தது. மேடம் வேறொரு நாட்டில் மேற்படிப்புக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் அவன் அக்காவிடம் சொன்னான். அறிக்கையைக் காட்டினான். அதில் ஒரு படம், புள்ளி புள்ளியாக. எல்லாப் புள்ளிகளும் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஒன்று மட்டும் மேலே தனியாக.

கலாராணி அந்த ஒற்றைப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"மத்த எட்டுப் பேரும் கிளினிக்குக்குப் போனாங்களா?" என்று கேட்டாள்.

"எந்த எட்டு?"

"துண்டு குடுத்தாங்கல்ல, ஒன்பது பேருக்கு."

இளங்கோவுக்குத் தெரியவில்லை. வைத்தியருக்குத் தெரிந்திருக்கலாம் என்றான். அவனுக்கு அவர்கள் யார் யார் என்பதும் தெரியாது.

கலாராணிக்குத் தெரியும். மறுநாள் அவள் வீடு வீடாகப் போனாள். ஐந்து பேர் போயிருந்தார்கள், மருந்து பூசுகிறார்கள். மூன்று பேர் போகவில்லை. மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், குறியில் ஒன்றும் வரவில்லையே என்று. "அது குறி இல்ல, நான் பிழையாச் சொல்லிட்டேன்" என்று அவள் முற்றத்தில் நின்று, பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்கும்படி சொன்னாள். தன் வாயால் பிழை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. முதல் வீட்டில் இரண்டு தடவை தொடங்க வேண்டியிருந்தது, இரண்டாவதில் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு பெண்களும் திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வீரய்யா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை அவள் மறுபடியும் அவர் வாசலில் போய் நின்றாள். இரண்டு பெண்களும் கீழே பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். வீரய்யா இஸ்தோப்பில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். மொளகாக் கடிச்சா கொஞ்சம் எரியுது, அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் மாமா. வாங்க."

"வாங்க வாங்கன்னா? அன்னைக்கு வந்து குறின்ன. இன்னைக்கு வந்து இல்லங்கிற. நாளைக்கு என்னா சொல்லுவ?"

"நாளைக்கும் இல்லனுதான் சொல்லுவேன். அன்னைக்குத்தான் பிழையாச் சொன்னேன்."

வீரய்யா வெற்றிலையை வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"பாலம்மாவும் இதத்தான் நம்பிக்கிட்டு இருந்தாளா?"

"ஆமா மாமா."

"அப்ப ஒன் வாயாலதான் அவ போயிட்டா."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீரய்யாவின் மனைவி, "என்னா பேச்சு பேசுறீங்க, அந்தப் புள்ளைகிட்ட!" என்று ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தாள்.

"பேசட்டும் அத்தை. உண்மதானே" என்றாள் கலாராணி. "மாமா, சட்டையப் போடுங்க. எட்டரை பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது."

அவர் அசையவில்லை. அவளும் வாசலை விட்டு நகரவில்லை. வீரய்யாவின் மனைவி உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். அவர் அதையும் கலாராணியையும் பார்த்தார். பிறகு மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.